வலைக்கதவு வாங்கும் முன் ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி இது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். லயத்து வீட்டைக் காலி செய்து, சிலாங்கூரில் பந்திங் டவுனை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறார்கள். முன்பு இருந்தவர் போட்ட இரும்புக் கிரில் அடிப்பக்கம் துருவேறி உதிர்கிறது. மகனும் மருமகளும் காலையில் கிள்ளானுக்கு வேலைக்குக் கிளம்பிவிட, அப்பாவும் பகுதிநேரக் காவல் வேலைக்குப் போய்விட, அம்மா சாயங்காலம் வரை தனியாக இருக்கிறார். பின்சந்தைத் தாண்டினால் செம்பனை மரம், கொசு தாங்கவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைக்கதவு போடலாம் என்று இரண்டு கடையில் விசாரித்தால், ஒருவர் 304 என்ற ரக ஸ்டீல் போதும் என்கிறார், இன்னொருவர் 316 ரகம் இல்லாவிட்டால் காசு வீண் என்கிறார். யார் சொல்வது சரி?

நான் இருபது வருஷத்துக்கு மேல் கிரில் அடித்துப் பிழைத்தவன். பட்டறையை இப்போது அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான், எனக்கு யாரிடமும் எதையும் விற்க வேண்டியதில்லை. அதனால் மனம் விட்டுச் சொல்கிறேன்: 304, 316 பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கும் பதில் உண்டு, பின்னால் வருகிறேன். ஆனால் நான் பிரித்துப் பார்த்த, நெம்பித் திறக்கப்பட்டிருந்த வலைக்கதவு ஒன்றில்கூட வலை அறுந்திருக்கவில்லை. சட்டத்திலிருந்து வலை கழன்றிருக்கும், அல்லது பூட்டுப் பக்கம் வளைந்திருக்கும், அல்லது கீலின் ஸ்க்ரூ சுவரோடு பிய்த்துக்கொண்டு வந்திருக்கும்.

முதலில் இரும்புக் கிரில்லுக்கும் வலைக்கதவுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. கிரில்லில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே கை நுழையும். கை நுழைவதால்தான் உள்ளே தாழ்ப்பாள் மட்டும் வைக்க முடியாமல், பூட்டுப் போட்டு, சாவியைக் கைக்கு எட்டாத தூரத்தில் மாட்டி வைக்கிறோம். மலேசியாவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதுதான் பழக்கம். வலையில் விரல்கூட நுழையாது. ஆகவே உள்பக்கம் சாவியே இல்லாமல், கையால் திருகித் திறக்கிற குமிழ் வைத்த பூட்டைத் தைரியமாகப் போடலாம். என்னைக் கேட்டால் வலைக்கதவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு முதல் நியாயம் இதுதான். கொசு, காற்று, அழகு எல்லாம் அப்புறம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அத்தை வீட்டில் நடந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. பலகாரம் சுடும்போது எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துவிட்டது. அத்தை பின்கதவுக்கு ஓடியிருக்கிறார். கிரில் பூட்டியிருந்தது. சாவி எப்போதும்போல அடுப்பு மேடைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதாவது தீக்கு நேர் மேலே. முன்கதவுச் சாவியை மாமா வேலைக்குப் போகும்போது எடுத்துப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பையன் கார் ஜாக்கை வைத்துக் கம்பியை விரித்தான், அத்தை தப்பித்தார். அந்தக் கிரில்லை அடித்தவன் நான். பூட்டு வளையத்துக்கு நல்ல கனமான தகடு வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தவன். தீயணைப்பு வண்டிக்கு 999 அடித்து அது வந்து சேரும் வரை ஒரு அறைக்குள் புகை காத்திருக்காது.

அதனால் உங்கள் அம்மா விஷயத்தில் முதல் நிபந்தனை: முன்கதவும் பின்கதவும் உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். சில கடைகளில் இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டைத்தான் 'பாதுகாப்பு' என்று காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் வலைக்கதவுக்கும் வெளியே தனியாக ஒரு பூட்டு வளையம் வெல்டு வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்தால் வலைக்கதவு வாங்கியதன் பாதி பயன் போய்விடும்.

சரி, இப்போது ஓரத்துக்கு வருவோம்.

கடைக்குப் போனதும் நிறுத்தி வைத்திருக்கும் முழுக் கதவைத் தட்டிப் பார்க்காதீர்கள். மூலைத் துண்டு ஒன்றைக் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்யும் இடத்தில் ஒரு சாண் அளவுக்கு அறுத்து வைத்த மாதிரித் துண்டு கட்டாயம் இருக்கும். அறுத்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அலுமினியச் சட்டத்துக்குள் வலை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, அதை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அப்படியே தெரியும். நல்ல அமைப்பில் வலையின் ஓரம் சட்டத்துக்குள் மடங்கியிருக்கும். அதன்மேல் பல் வைத்த பட்டை ஒன்று ஆப்பு மாதிரி இறங்கி இறுக்கியிருக்கும், இல்லையென்றால் சில அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு, மேலே மூடிப்பட்டை போட்டு மறைத்திருப்பார்கள். மட்டமானதில் சாதாரணக் கொசுவலைச் சட்டத்தில் இருக்குமே, கறுப்பு ரப்பர் கயிறு, அதை மட்டும் அழுத்தி விட்டிருப்பார்கள். அந்த ரப்பரை நகத்தால் நெம்பினாலே வந்துவிடும். முழுக் கதவாக நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வலை இரண்டிலும் ஒரே வலையாகக்கூட இருக்கலாம்.

அதே துண்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். வலைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு, நடுவே ஈரமும் இருந்தால், பேட்டரிக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். அலுமினியம் கரைந்து கொடுக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சட்டத்தின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்து, பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பினால் அதுதான் காரணம். வலை பளபளவென்று இருக்க, அதைப் பிடித்திருக்கும் சட்டம் உள்ளுக்குள் மெலிந்துகொண்டிருக்கும்.

இந்தப் பாடத்தை நான் மோரிப்பில் படித்தேன். கடற்கரைக்குப் பக்கத்தில் அக்காள் வீடு. பட்டறையில் வலைக்கதவு வேலை எடுத்த முதல் வருஷம், அக்காள் வீடாயிற்றே என்று 316 வலையே வரவழைத்து, செலவு பார்க்காமல் செய்தேன். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் அக்காள் கூப்பிட்டு, கதவு அழுகிறது என்றார். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் பழுப்பாக ஒரு கோடு கீழே வழிந்திருந்தது. வலையில் ஒரு புள்ளி இல்லை. நான் போட்டது தானாகத் துளைத்துக்கொண்டு போகும் ஸ்க்ரூ. பெட்டியில் ஸ்டெயின்லெஸ் என்றுதான் போட்டிருந்தது, பொய்யும் இல்லை. ஆனால் அந்த வகை ஸ்க்ரூ பெரும்பாலும் 410 ரகம். அலுமினியத்தைத் துளைக்கும் அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதில் நிக்கலைக் குறைத்துவிடுவார்கள், உப்புக் காற்றில் அது நிற்காது. அன்றிலிருந்து துளையை முதலில் போட்டுவிட்டு 316 ஸ்க்ரூவைத் தனியாக முடுக்குகிறோம். நேரம் ஆகும்தான். அக்காள் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

அடுத்தது வலையின் கனம். ஒரு அடிக்கோலை வலைமேல் வைத்து, ஒரு அங்குலத்துக்குள் எத்தனை கண் என்று எண்ணுங்கள். பாதுகாப்பு வலை என்று உலகம் முழுக்க விற்பது அநேகமாக அங்குலத்துக்கு 11 கண், கம்பி 0.8 மில்லிமீட்டர். 0.9 கம்பியிலும் வரும். எண்ணும்போது கண் கூசும், கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணினால் சுலபம். கண் எண்ணிக்கை சரியாக இருந்து கம்பி 0.5 ஆக இருந்தால், அது கொஞ்சம் தடித்த கொசுவலை, அவ்வளவுதான். 0.8க்கும் 0.5க்கும் பெரிய வித்தியாசமா என்று தோன்றும். வெட்டுப்பரப்பைக் கணக்குப் போட்டால் 0.8 கம்பி இரண்டரை மடங்கு. 0.5ஐ நல்ல தகடு வெட்டும் கத்தரிக்கோல் சுலபமாக வெட்டும். இன்னொரு சின்ன ஏமாற்று: கடைக்காரர் உங்கள் முன்னாலேயே காலிப்பரில் அளந்து 0.9 என்று காட்டுவார். மேலே இருக்கும் கறுப்புப் பவுடர் பூச்சு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.12. பூச்சை நீக்கினால் அது 0.8க்கும் குறைவு. தவறு ஒன்றுமில்லை, ஆனால் 0.9 விலை வாங்கக் கூடாது.

இப்போது உங்கள் 304, 316.

இரண்டுமே நல்ல உலோகம்தான். 304இல் குரோமியம் ஏறக்குறைய 18 விழுக்காடு, நிக்கல் 8. நம் வீட்டு எவர்சில்வர் குண்டானில் 18/8 என்று குத்தியிருப்பார்களே, அதே கணக்கு. 316இல் நிக்கல் கொஞ்சம் கூடும், அதோடு மாலிப்டினம் 2 முதல் 3 விழுக்காடு சேரும். உப்பில் இருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல்தோலைக் குத்தித் துளைக்கப் பார்க்கும். மாலிப்டினம் அதைத் தடுக்கும். ஆகவே கேள்வி கடல் எவ்வளவு தூரம் என்பதுதான். ஆஸ்திரேலியாவில் அலையடிக்கும் கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வரை பழுப்புக் கறை படியும் என்று ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பது பெருங்கடல். நம் மலாக்கா நீரிணை அவ்வளவு ஆர்ப்பாட்டமான கடல் இல்லை. பந்திங் டவுனிலிருந்து மோரிப் கரை பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. உங்கள் தாமானுக்கு, பவுடர் பூச்சுப் போட்ட உண்மையான 304 போதும். இதே கேள்வியை மோரிப்பிலிருந்தோ கேரித் தீவின் கடலோரப் பக்கத்திலிருந்தோ ஒருவர் கேட்டிருந்தால் 316 என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் 'உண்மையான' என்பதில்தான் சிக்கல். உங்களுக்குப் பயம் வரவேண்டியது 304ஆ 316ஆ என்பதில் இல்லை, இரண்டுமே இல்லாத 201 என்ற ரகத்தில். நிக்கல் விலை அதிகம், அதனால் அதைப் பாதியாகக் குறைத்து மாங்கனீஸை ஏற்றிச் செய்வது அது. புதிதாக இருக்கும்போது பளபளப்பில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் வாசலில் அதன் சாயம் வெளுக்க அதிக நாள் ஆகாது. கறுப்புப் பூச்சுக்கு அடியில் 201 இருந்தால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நம்பாதீர்கள். 201லும் காந்தம் ஒட்டாது. 304ஐக் கம்பியாக இழுத்து நெய்யும்போது அதன் உள் அமைப்பு கொஞ்சம் மாறுவதால் லேசாகக் காந்தம் பிடிக்கும். ஆக, ஒட்டியது என்பதற்காக நல்ல வலையைத் திருப்பி அனுப்பி, ஒட்டாத மட்ட வலையை வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதற்கென்று சொட்டு மருந்து விற்கிறார்கள். பூச்சில்லாத இடத்தில் ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியைத் தொட வைத்தால் நிறம் மாறி ரகத்தைக் காட்டிக் கொடுக்கும். அண்ணன் மகன் வலைச் சுருள் வந்து இறங்கினால் முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். நீங்கள் கடையில் போய், பூச்சுக்கு முந்திய வலைத் துண்டில் என் முன்னால் சோதித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். என்ன ரகம் என்று காட்டும் எஃகு ஆலைச் சான்றிதழையும் கேளுங்கள். இரண்டுக்கும் முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம்.

தோட்டப்புற வீட்டுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. கடல் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், குளோரைடு உங்கள் வாசலுக்கே வரும். செம்பனைக்குப் போடும் எம்ஓபி உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பில் எது இரும்பைத் தின்கிறதோ அதே சரக்கு. உரம் போட்டுவிட்டு வந்தவர் கையுறையையும் பையையும் கதவுப் பிடியில் மாட்டி வைப்பது, வெறும் உரச் சாக்கை வலையோரம் சாய்த்து வைப்பது எல்லாம் வேண்டாம். ஒரு வீட்டில் கதவின் கீழ்ப்பாதி மட்டும் புள்ளி புள்ளியாகப் பழுத்திருந்தது. என்னடா இது, மேலே சுத்தமாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பாட்டி ரோஜாச் செடிக்கு வைத்திருந்த அரைச் சாக்கு உரத்தைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

புதிதாகக் குடிவந்திருப்பதால் இன்னும் ஒன்று. வீட்டில் தரை ஓடு வேலை, சுவர் உடைக்கும் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டுக் கதவைப் போடுங்கள். ஓடு பதித்தபின் சிமெண்ட் கறை போக அமிலம் ஊற்றிக் கழுவுவார்கள். அதன் ஆவி ஒரு நாள் பட்டால் போதும், ஸ்டெயின்லெஸ் கெட்டுவிடும். அதேபோல, பழைய கிரில்லைப் புதுக் கதவுக்குப் பக்கத்தில் வைத்து கிரைண்டரில் அறுக்க விடாதீர்கள். பறக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் இரும்புத் துகள். வலையில் ஒட்டிக்கொண்டு, மறுவாரமே துருப்புள்ளியாக எழும்பும். வலைதான் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை போடுவீர்கள், அவர் பாவம்.

ஜன்னலில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நம் வரிசை வீடுகளில் ஜன்னல் பெரும்பாலும் வெளிப்பக்கம் திறக்கும், கிரில் உள்ளே இருக்கும். கிரில் இருந்த இடத்தில் அப்படியே வலையைப் பதித்துவிட்டால், ஜன்னலை எப்படிச் சாத்துவீர்கள்? கிரில்லில் கை விட்டுக் கொக்கியை இழுத்தோம், வலையில் முடியாது. மழை அடிக்கும்போதுதான் இது ஞாபகம் வரும். ஆகவே அங்கே வலைச் சட்டம் உள்பக்கமாகத் திறக்கும்படி கீல் வைத்தோ, தள்ளும்படியோ இருக்க வேண்டும். கண்ணாடித் தகடுகளை வரிசையாகத் திருப்பித் திறக்கும் பழைய நாக்கோ ஜன்னல் என்றால் கதை வேறு. திருப்பும் பிடி உள்ளே இருப்பதால் வலை வெளியே போகலாம். ஆனால் ஆறு அங்குலக் கண்ணாடித் தகடு திறந்தால் வெளிப்பக்கம் மூன்று அங்குலம் நீட்டும். அந்த இடத்தை விடாமல் சட்டம் அடித்துவிட்டு, கண்ணாடி வலையில் முட்டிப் பாதிதான் திறக்கிறது என்று வந்தவர்கள் உண்டு. தள்ளும் ஜன்னலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

படுக்கையறை ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு ஜன்னல் வலையாவது உள்ளேயிருந்து ஆள் வெளியேறும் அளவுக்குத் திறக்கட்டும். எல்லாவற்றையும் ஸ்க்ரூ போட்டு நிரந்தரமாக அடைத்துவிட்டால் விலை குறையும் என்பார்கள். குறையும்தான். அத்தை கதையை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

கொசுவைப் பற்றி. 11 கண் வலையில் ஒரு கண்ணின் அகலம் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர். கொசுவலைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 1.2 முதல் 1.5. ஏடிஸ் கொசு நுழையாது. அது பகலில் கடிக்கும் கொசு என்பதால், அம்மா பகலில் மரக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வலைக்கதவை மட்டும் சாத்தியிருப்பதற்கு இது பெரிய நிம்மதி. சிலாங்கூரில் டிங்கி எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் சாயங்காலத்தில் வரும் அகாஸ் என்கிற பொடிக் கடிபூச்சி இந்தக் கண்ணில் தாராளமாக நுழையும். அதைத் தடுக்க இன்னும் நெருக்கமான வலை வேண்டும், அதில் கம்பி மெல்லிசாகிவிடும். இரண்டும் ஒரே வலையில் கிடைக்காது. காற்றும் திறந்த வாசல் அளவுக்கு வராது. 0.8 கம்பி 11 கண் வலையில் திறந்த பரப்பு 43 விழுக்காடுதான்.

செம்பனைப் பக்கம் எலி உண்டு, எலி இருந்தால் பாம்பு உண்டு. வலையைத் துளைத்துக்கொண்டு எதுவும் வராது, கதவுக்கு அடியில் வரும். கதவு கனத்தில் கொஞ்சம் தொங்கும் என்று கணக்குப் போட்டுக் கீழே ஒரு விரல்கடை இடைவெளி விட்டுத்தான் மாட்டுவார்கள். குட்டி நாகத்துக்கு அது போதும். அடியில் தூரிகைப் பட்டை அல்லது ரப்பர் பட்டை போடச் சொல்லுங்கள். இதற்குத் தனிக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

நிறத்தில் கறுப்பையே எடுங்கள். வெள்ளி நிற வலை வெயிலில் பளிச்சென்று எதிரொளித்து, உள்ளேயிருந்து வெளியே பார்க்க விடாது. கறுப்பு வலையில் பகல் நேரத்தில் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெளிவாகத் தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே இருட்டாகத் தெரியும். இரவில் விளக்கைப் போட்டால் அப்படியே தலைகீழ், அதனால் திரைச்சீலையைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

'ஆஸ்திரேலியத் தரம்' என்று எல்லா விளம்பரத்திலும் பார்ப்பீர்கள். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, ஏ.எஸ். 5039 என்று எண். அதன் சோதனைகளில் 100 ஜூல் அடியை ஐந்து முறை போட்டுப் பார்ப்பார்கள். பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய அந்த அளவு ஆற்றல் வரும். கத்தியால் இழுத்து வெட்டிப் பார்ப்பார்கள், பூட்டுப் பக்கத்திலும் கீல் பக்கத்திலும் நெம்பிப் பார்ப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சோதனை சட்டம், பூட்டு, கீல் எல்லாம் சேர்ந்த முழுக் கதவுக்கு. வலை மட்டும் அங்கே தேறியது என்று ஒரு தாளைக் காட்டி, சட்டத்தையும் பூட்டையும் இங்கே கையில் கிடைத்ததைப் போட்டு அடித்தால் அந்தத் தாள் உங்கள் கதவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தாளைக் காட்டினால், இதில் இருக்கும் சட்டமும் பூட்டும்தான் எனக்கு வருமா என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

பூட்டு மூன்று இடத்தில் கவ்வ வேண்டும்: மேலே, நடுவே, கீழே. நடுவில் மட்டும் கவ்வினால் கதவின் மேல் மூலையைப் பிடித்து இழுத்தாலே வளையும். கீல் மூன்று வேண்டும், அதன் அச்சாணியை வெளியேயிருந்து தட்டி எடுக்க முடியாத வகையாக இருக்க வேண்டும். சுவரோடு பிடிக்கும் இடத்தில் செங்கல்லுக்குள் போகும் நீளமான ஆணி வேண்டும், பூச்சுச் சிமெண்டோடு நிற்கும் பிளாஸ்டிக் குப்பி போதாது. பழைய மர நிலை இருந்தால் கரையான் தின்றிருக்கிறதா என்று திருப்புளியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே போனால் நிலையை மாற்றிவிட்டுத்தான் கதவு. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பெரிய சந்து விட்டு சிலிக்கானால் பூசி மறைப்பார்கள். கடப்பாரை முனை நுழைவது அங்கேதான்.

காசு இழுத்துக்கொண்டால் முழு வீட்டையும் ஒரே தடவையில் செய்யாதீர்கள். பின்கதவு முதலில், அப்புறம் முன்கதவு. பின்சந்தில் யாரும் பார்ப்பதில்லை, கதவும் அங்கே பெரும்பாலும் பலவீனமானது. ஜன்னல்களுக்குத் தற்போதைக்கு இருக்கும் கிரில்லையே துரு சுரண்டி பெயிண்ட் அடித்து, கொசுவலை மட்டும் போட்டு ஓட்டலாம். எல்லாவற்றுக்கும் மட்டமான வலை போடுவதைவிட இரண்டு கதவுக்கு ஒழுங்கான வலை போடுவது மேல். ஒன்று, வரிசை வீட்டில் திருடன் ஓட்டைப் பிரித்துக் கூரை வழியாக இறங்குவதும் உண்டு, அதற்கு எந்த வலைக்கதவும் மருந்து இல்லை. விலையைச் சதுர அடிக் கணக்கில் சொல்வார்கள். பூட்டு, பொருத்தும் கூலி, பழைய கிரில்லைக் கழற்றும் கூலி அதில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள்.

சுத்தம் செய்ய பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய தூரிகை, குழாய்த் தண்ணீர் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. செம்பனை ஆலைப் புகை உங்கள் பக்கம் வீசுகிறது என்றால் மாதம் ஒரு தடவை. மழை கழுவிவிடும் என்று விடாதீர்கள், கூரைக்கு அடியில் இருக்கும் மேல்பாதியில் மழை படுவதே இல்லை, கறை முதலில் படிவதும் அங்கேதான். குளோராக்ஸ் மாதிரி ப்ளீச் கலந்த எதையும் வலையில் ஊற்ற வேண்டாம். இரும்பு நார் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம்.

கடைசியாக, அளவெடுக்க ஆள் வரும் நாளில் நீங்கள் விடுப்புப் போட்டு வீட்டில் இருங்கள், அம்மாவையும் கதவருகே நிற்கச் சொல்லுங்கள். பூட்டு எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை அவர் கை எட்டும் இடத்தில் சுவரில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். சட்டம் அடித்தபின் அதை மாற்ற முடியாது. பொருத்தி முடித்ததும் மீதிப் பணத்தை உடனே கொடுத்துவிடாமல், விளக்கை அணைத்துவிட்டு அம்மாவைக் கதவைத் திறந்து வெளியே வரச் சொல்லுங்கள். குமிழ் கனமாக இருக்கிறது, மூட்டுவலிக் கையால் திருக முடியவில்லை என்றால், பட்டையான பிடி வைத்த பூட்டு வகை இருக்கிறது, அன்றே மாற்றித் தரச் சொல்லுங்கள்.